ஸ்கூட்டருக்குப் படைத்த கடலை

சித்திரை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. நோர்வேயின் ரொம்சோஸ் குடியிருப்பின் கடைசி மாடிக்கட்டடத்தைத் தாண்டி, காடு தொடங்குகிற இடத்தில் நிற்கும் சிவப்பு மரக்கொட்டிலுக்குள் வசந்தமலர் ஒரு ஸ்னோ ஸ்கூட்டரைத் தூங்கவைத்துக் கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான இறப்பர்ப் பட்டி, நடுவில் பழைய எஞ்சின், இருவர் இருக்கக்கூடிய நீளமான சீற். பனியில் மட்டுமே ஓடும் அந்த வாகனத்துக்கு இனி மார்கழி வரைக்கும் உறக்கம். தொட்டிலில் ஒரு பிள்ளையைக் கிடத்துவதற்கு இவ்வளவு பாடில்லை. பெற்றோல் தாங்கியைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். பெற்றோல் பழுதாகாமலிருக்க மருந்து ஊற்றி, அது எஞ்சினின் நரம்பெல்லாம் போய்ச் சேரும்வரை பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். பிறகு பெல்ற்றைக் கழற்றித் தனியே தொங்கவிட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி மரக்குற்றியில் ஏற்றி, இறப்பர்ப் பட்டி நிலத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். கிறீஸ் வைக்க வேண்டிய இடங்கள் மட்டும் பதினொன்று. புகை போகும் குழாய்க்கும், எஞ்சின் மூச்சிழுக்கும் காற்றுவாய்க்கும் சட்டி தேய்க்கிற கம்பிச் சுருளை அடைத்துவிட வேண்டும், எலி புகாமல். கடைசியாக, பிளாஸ்ரிக் விரிப்பு அல்ல, பழைய பருத்திப் படுக்கை விரிப்பால் போர்த்த வேண்டும்.

எல்லாம் சேர்த்துப் பதினான்கு வரிகள். கொட்டில் சுவரில், பனிச்சறுக்குக் கழகத்து மூத்தவர் ஓட்வாரின் கையெழுத்தில் எழுதி ஆணியடித்து வைத்த தாள் அது. ஒவ்வொரு வரியையும் முடித்ததும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டாள் வசந்தமலர். பதினான்காவது வரி பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோவது.

வீட்டில் பற்றரி குளியலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் ஒரு மணைக்கட்டையின்மேல் அமர்ந்துகொண்டது. அவளுடைய கணவர் தர்மலிங்கம், நகரத்துப் பேருந்துச் சாரதி, கதவில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார்.

"நான் வேலையால வந்தா ஒரு தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் நிக்கிறன். உவருக்கு வந்தவுடன மணைக்கட்டை."

"உங்களுக்குச் சார்ஜ் இறங்கினா நான் மாத்தலாம். உவருக்கு மாத்தேலாது," என்றாள் அவள்.

வசந்தமலர் நோர்வேக்கு வந்தது தொண்ணூற்றொன்றில், பத்தொன்பது வயதில். முதல் ஆறு வருடம் பேருந்துத் தரிப்பிடத்தில் பேருந்துகளைக் கூட்டித் துடைத்தாள். கூட்டுகிற நேரம் தவிர மற்ற நேரத்திலெல்லாம் மெக்கானிக்குகள் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன பார்க்கிறாய்?" என்று ஒருத்தன் கேட்டபோது, "நீ தப்பாகப் பூட்டுகிறாய்," என்று சொல்லிவிட்டாள். அவன் தப்பாகத்தான் பூட்டியிருந்தான். முப்பத்து நாலு வயதில் தொழிற்சான்றிதழ் எடுத்தாள். இப்போது பன்னிரண்டு மெக்கானிக்குகளில் ஒரே பெண். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமியறையில் மாட்டியிருக்கிறாள், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

பனிச்சறுக்குக் கழகத்துக்குள் அவள் வந்தது மகள் தக்ஷாயினியால். மகள் சறுக்கிய காலத்தில் பெற்றோர் முறைவைத்துச் செய்யும் வேலைக்கு, கோப்பி ஊற்றப் போனவள், ஒருநாள் சறுக்குப் பாதை போடுகிற ஸ்கூட்டர் கிளம்பாமல் நின்றபோது கோப்பிக் கேத்திலை வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். மகள் படித்து, துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். தாய் கழகத்தில் நின்றுவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுவதற்கென்று தனி அனுமதிப்பத்திரமும் எடுத்தாள். முப்பத்தொரு வருடம் அந்த ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்ட ஓட்வார், இடுப்பெலும்பு மாற்றியபிறகு கொட்டில் சாவியை அவளிடம் நீட்டினார். எழுபத்திரண்டு வயது மனிதர், வார்த்தைகளைச் சில்லறை போல எண்ணித்தான் தருவார்.

"ஒரு வருடம் வைத்துப் பார். பிறகு நிர்வாகம் யோசிக்கும்," என்றார் நோர்வேஜிய மொழியில்.

காட்டுக்குள் மோட்டார் வாகனம் ஓட்டக் கண்டவருக்கும் அனுமதி கிடையாது. நகரசபைக் கடிதத்தில் இரண்டே பெயர்கள்: ஓட்வார், வசந்தமலர். குளிர்கால மாலைகளில் பேருந்துப் பட்டறை விட்டு வந்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பின்னால் பாதை போடும் தட்டை இழுத்தபடி அவள் போய்த் திரும்பினால், மறுநாள் காலையில் ஊரே சறுக்குவதற்கு இரண்டு நேர்கோடுகள் மரங்களுக்கிடையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு நிமிரும். எவருக்கும் சொல்லமாட்டாள். ஆனால் மாடியில் நின்று பார்க்கும்போது தர்மலிங்கத்தையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள்.

ஐப்பசி வந்தது, ஆயுத பூசை வந்தது. வழமைபோல வீட்டுச் சாமியறையில் தர்மலிங்கத்தின் சாரதி அட்டை, அவளுடைய சாவிக்கொத்துகள், மகள் விட்டுப்போன பழைய கணினி எல்லாம் சந்தனப்பொட்டுடன் வரிசையில் இருந்தன. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: நான் கையால் தொட்டு உழைக்கிற ஆயுதம் ஒன்று அங்கே தனியே கொட்டிலில் கிடக்கிறதே. ஒரு தட்டில் அவலும் கடலையும் சர்க்கரையும், ஒரு சிமிழில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஏறினாள். பெற்றோல் வைத்திருக்கும் இடத்தில் கற்பூரம் கொளுத்த அவள் பைத்தியக்காரி அல்ல. பற்றரியில் எரிகிற பொய் மெழுகுதிரி ஒன்றை வைத்தாள். படுக்கை விரிப்பை விலக்கினாள். கைபிடியில் ஒரு மஞ்சள் துணித்துண்டைக் கட்டினாள். முன்மூடியில் பொட்டு, சறுக்குக் கட்டைகளில் பொட்டு. மூடியைத் திறந்தபோது காற்றுவாய் தெரிந்தது. மூச்சுவிடுகிற இடத்துக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? அடைத்திருந்த கம்பிச் சுருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காற்றுவாயின் விளிம்பில் கச்சிதமாக ஒரு பொட்டு வைத்தாள். தட்டைச் சீற்றின்மேல் வைத்தாள். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் முதல் உறைபனி. இருநூறு பேருந்துகளுக்குக் குளிர்காலச் சில்லு மாற்ற வேண்டும் என்று பட்டறையில் எல்லோரையும் இரண்டு நேர வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். நாலு நாள் கழித்துத்தான் கொட்டிலுக்குப் போனாள். தட்டு துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. மஞ்சள் துணியையும் காணவில்லை.

அவளுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அது அவளுக்குத் தோன்றவில்லை. ஓட்வாரிடமும் ஒரு சாவி இருந்தது. கிழவர் வந்து கடலையை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, வெட்கத்தில் சொல்லாமல் இருக்கிறார் என்று முடிவுகட்டினாள். அந்த நினைப்பு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. கேட்டு அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

"கலைமகளே நேரில வந்து சாப்பிட்டுட்டுப் போட்டா போல," என்றார் தர்மலிங்கம். "அவவுக்கும் குளிருக்குள்ள பசிச்சிருக்கும்."

எலி என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. பதினான்கு வரிகளுக்கும் சரி போட்டவள் அவள். சரி போட்ட இடத்துக்கு எலி எப்படி வரும்?

அந்த வருடம் பனி தை மாதம்வரை இழுத்தடித்தது. ஒருவழியாகக் கொட்டியபோது, உறங்கவைத்த தாளையே கீழிருந்து மேலாக வாசித்து அவள் ஸ்கூட்டரை எழுப்பினாள். ஒன்பதாவது வரி, அடைப்புகளை எடுத்தல். புகைக்குழாயிலிருந்து கம்பிச் சுருளை உருவினாள். காற்றுவாயில் ஒன்றும் இல்லை, அது முன்னமே எடுத்தாயிற்று. சரி. கிளப்புகிற கயிற்றின் இரண்டாவது இழுவையில் எஞ்சின் உயிர்த்தது. சமதரையில் பாதை போடும் தட்டை இழுத்தபோது சொன்னபடி கேட்டது. முழுவதாக முறுக்கினால் மட்டும் படியேறுகிறவரைப்போல இலேசாக மூச்சுவாங்கியது. போன வருடத்துப் பெற்றோல், அதுதான் என்று நினைத்தாள். உள்ளே திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மாசி மாதத்துக் குளிர்கால விடுமுறையில் கழகத்தின் சறுக்கு நாள். இந்தமுறை தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்கிறார்கள், அதற்கு வழிபண்ணியவளே வசந்தமலர்தான். மேலே காட்டுக்குள் இருக்கும் கழகத்தின் மரக்குடிலில் அறுபது பேருக்குச் சாப்பாடு. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். அதை ஸ்கூட்டரில் இழுத்துக் கொண்டுபோவது அவள் பொறுப்பு. அந்த மாதக் கடைசியில் நிர்வாகம் கூடுகிறது, சாவி அவளிடம் தொடர்ந்து இருப்பதா இல்லையா என்று முடிவெடுக்க. இந்த ஒரு நாள் நன்றாக நடந்துவிட்டால் போதும், பேச்சே இராது என்று அவளுக்குத் தெரியும்.

கொட்டில் வாசலில் அவள் தலைக்கவசத்தோடு வந்தபோது, ஸ்கூட்டருக்குப் பின்னால் இழுக்கும் சறுக்குவண்டியில் சாமான்கள் ஏற்கெனவே ஏற்றி முடிந்திருந்தது. ஏற்றியவர் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துச் செயலாளர் இரவீந்திரன். நாற்பத்தாறு வயது, நல்ல மனிதர், எந்தக் கொண்டாட்டத்திலும் முதலில் சட்டைக்கையை மடிப்பவர். லொறி ஏற்றுவதுபோல ஏற்றியிருந்தார். போனதும் முதலில் இறக்க வேண்டியது சோறு என்பதால் சோற்றுக் கிடாரம் வண்டியின் வால்பக்கத்தில். அதற்கு முன்னால் தண்ணீர்ப் போத்தல்கள் ஆளுயரத்துக்கு. கறிக்கிடாரம் நடுவே ஒரு கதிரையின்மேல். எல்லாவற்றையும் சுற்றி நீல நிற நைலோன் கயிறு.

"நான் மேல ஏறியிருந்து கறியைப் பிடிச்சுக்கொள்ளுறன் அக்கா," என்றார். "நீங்கள் மெல்லமா விடுங்கோ."

வசந்தமலர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"எல்லாத்தையும் இறக்குங்கோ ரவி."

"என்ன?"

"இறக்குங்கோ. பாரம் வால்ல இருந்தா ஏத்தத்தில வண்டி மூக்கைத் தூக்கும், ஸ்கூட்டருக்குப் பின்பக்கம் பிடியிராது. உயரத்தில இருந்தா வளைவில பிரளும். இழுக்கிற வண்டியில ஆள் ஏறக்கூடாது, சாமான்தான். நீங்கள் எனக்குப் பின்னால சீற்றில இருங்கோ, ஹெல்மெற் போட்டுக்கொண்டு."

சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நேரத்தைப் பார்த்தார். இரவீந்திரனின் காது சிவந்துவிட்டது.

"அக்கா, வவுனியாவில எங்கட அப்பா நெல்லு மில்லுக்கு லொறி ஓடினவர். எனக்குப் பாரம் ஏத்தத் தெரியும்."

"லொறிக்குச் சரி, ரவி. லொறி தன்ர பாரத்தைத் தானே சுமக்கும். இது பின்னால வேறயா வாறது. நான் நிப்பாட்டினாலும் அது நிக்க வேணும்."

இறக்கினார்கள். தர்மலிங்கம் முதல் ஆளாகக் கை கொடுத்தார். வீட்டில் எவ்வளவு பகிடி விட்டாலும் வெளியில் அவள் பேச்சுக்கு மறுபேச்சுச் சொல்வதில்லை. சோற்றுக் கிடாரம் வண்டியின் முன்பாதியில், அடித்தட்டில். கறி அதற்குப் பின்னால் ஒட்டி. தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக. கயிற்றை வீசிவிட்டு, இறுக்குகிற பெல்ற் நாலு போட்டு அவளே இழுத்துப் பார்த்தாள். ஸ்கூட்டரையும் வண்டியையும் இணைப்பது கயிறு அல்ல, இரும்புச் சட்டம். கயிற்றில் கட்டினால் இறக்கத்தில் வண்டி வந்து முதுகில் ஏறும். சட்டத்தின் ஊசியைச் செருகி, ஊசி கழலாமல் கொக்கியைப் பூட்டி, அதற்கும் மேல் ஒரு காப்புச் சங்கிலியையும் மாட்டினாள். கடைசியாக, ஆப்புப்போலச் சீவிய இரண்டு மரக்குற்றிகளை எடுத்துக் கிடாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னத்துக்கு, விறகுக்கோ?" என்றார் இரவீந்திரன். சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்பது நிமிடம் பிந்திவிட்டது.

முதல் இரண்டு கிலோமீற்றர் நன்றாகவே போனது. இரவீந்திரன் பின்கைபிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மரியாதையான இடைவெளி விட்டுச் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். சறுக்கிக்கொண்டு போன தமிழ்ப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கிக் கையசைத்தார்கள். "அது மலர் அன்ரி," என்று ஒரு சின்னப் பெண் தன் நோர்வேஜியச் சிநேகிதிக்குக் கைகாட்டிச் சொன்னது தலைக்கவசத்துக்குள்ளும் கேட்டது. வசந்தமலர் கைபிடியை விடவில்லை, தலையை மட்டும் அரசியைப்போல ஆட்டினாள்.

பிறகு குடிலுக்கு முன்னால் இருக்கும் அந்த நீண்ட ஏற்றம். பாரத்தோடு ஏறவேண்டுமென்று கீழேயே வேகமெடுத்து, நிதானமாக முறுக்கினாள். பாதி ஏறியதும் எஞ்சின் மூச்சுவாங்கியது. இன்னும் முறுக்கினாள். முறுக்க முறுக்கச் சத்தம் தடித்து, கறுத்த புகை தள்ளி, ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது.

காடு திடீரென்று அமைதியானது. பின்னால் இருநூறு கிலோ பாரம் ஸ்கூட்டரைக் கீழே இழுக்கப் பார்த்தது. வசந்தமலரின் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பிறேக்கை இறுக்கி நிறுத்துப் பூட்டைப் போட்டாள்.

"ரவி, மேல்பக்கமா இறங்குங்கோ. வண்டிக்குப் பின்னால நேரா நிக்க வேண்டாம். அந்த ரெண்டு கட்டையையும் எடுத்துச் சறுக்குக்குக் கீழ பக்கவாட்டில இருந்து குடுங்கோ. காலால உதையுங்கோ. இன்னும்."

இரவீந்திரன் சொன்னபடியே செய்தார். வண்டி ஒரு விரலளவு பின்வாங்கி, கட்டைகளில் ஏறி, கிறீச்சென்று நின்றது. கிடாரங்கள் அசையவில்லை. சோற்றின் மூடியிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. வால்பக்கம் பாரமிருந்திருந்தால் இப்போது வண்டி மல்லாந்து, அறுபது பேருடைய கறியும் ஏற்றம் முழுக்க ஓடியிருக்கும். இரவீந்திரன் கிடாரத்தைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"விறகில்ல," என்றார் மெதுவாக.

மூடியைத் திறந்தாள். பிளக்குகள் இரண்டும் கரிபிடித்துக் கறுத்திருந்தன. காற்றுப் போதாமல் மூச்சடைத்த எஞ்சின். அப்போதுதான் காற்றுப்பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றினாள். உள்ளே, பருத்திப் பஞ்சும் காய்ந்த புல்லும் சேர்த்து உருட்டிய ஒரு கூடு, பெட்டியின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு. எலி எப்போதோ போய்விட்டது. வீட்டைக் காலிசெய்யாமல் போயிருந்தது. வசந்தமலர் கையுறையைக் கழற்றிவிட்டு அதை வெளியே இழுத்தாள். கூட்டுக்குள்ளிருந்து கடலைத் தோல்கள் பனியில் கொட்டின. முழுக்கடலைகளும் இருந்தன, அள்ளினால் ஒரு கைப்பிடி வரும். கூட்டைச் சுற்றி அழகாகச் சுருட்டியிருந்தது, ஓரம் கடிபட்ட மஞ்சள் துணித்துண்டு.

அவள் சட்டைப் பைக்குள் கைவிட்டாள். ஐப்பசியில் போட்ட அதே கொட்டில் வேலைச் சட்டை. அடியில் கம்பிச் சுருள் விரலில் குத்தியது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு இரவீந்திரனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், தட்டு, பொட்டு, நாலு நாள், எல்லாம். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், அங்கே மரங்களைத் தவிர எவருமில்லாதபோதும்.

"அக்கா, எலி எண்டு மட்டும் சொல்லுங்கோ. எலி எல்லாற்ற கொட்டிலுக்கையும் வரும். பூசை, கடலை எண்டு போனா எங்களை என்னெண்டு நினைப்பினம்? இவ்வளவு காலமும் எடுத்த பேர். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவர் பயந்தது தனக்காக இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த நாட்டில் முப்பது வருடமாக ஒவ்வொருவரும் மற்றவருக்காகவும் சேர்த்துத்தான் நல்ல பெயர் எடுத்து வந்திருக்கிறார்கள். கூட்டைக் காட்டுக்குள் எறிந்துவிட்டால் முடிந்தது. சாவியும் இருக்கும், பெயரும் இருக்கும். அவள் கையும் கூட்டோடு ஒருதரம் ஓங்கியது, பொய் சொல்வானேன். ஆனால் அடுத்த ஐப்பசியில் என்ன செய்வது? களவாகப் பொட்டு வைப்பதா? அல்லது வைக்காமலே விடுவதா? இரண்டையும் நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது. எவர்மீது என்று தெரியாத கோபம். கூட்டையும் துணியையும் கடலையையும் சாப்பாட்டுச் சாமான்களோடு இருந்த ஒரு பேப்பர்ப் பைக்குள் போட்டு மடித்தாள்.

சீற்றுக்குக் கீழ் எப்போதும் வைத்திருக்கும் புதுப் பிளக்குகளை மாட்டியபின் நாலாவது இழுவையில் எஞ்சின் கிளம்பியது. ஆனாலும் ஏற்றத்தின் நடுவிலிருந்து முழுப் பாரத்தையும் இழுக்க அவள் முயலவில்லை. கறியையும் தண்ணீரையும் இறக்கி ஓரத்தில் வைத்து, அவற்றுக்குக் காவலாக இரவீந்திரனையும் நிறுத்தி, சோற்றோடு மேலே போனாள். பிறகு திரும்பி வந்து மிச்சத்தை ஏற்றினாள். கறிக்கிடாரத்தைக் கட்டிப்பிடித்துச் சூடு காய்ந்துகொண்டு நின்றார் செயலாளர். இந்தமுறை அவரே முன்பாதியில், அடித்தட்டில் வைத்தார். பெல்ற்றையும் அவரே இழுத்துப் பார்த்தார்.

ஒன்றரை மணித்தியாலம் பிந்திய சாப்பாட்டை எவரும் குறை சொல்லவில்லை. பசிக்கு நோர்வேஜியப் பிள்ளைகளும் கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். ஓட்வார் அடுப்புக்குப் பக்கத்தில் கைத்தடியோடு அமர்ந்திருந்தார். வசந்தமலர் ஸ்கூட்டரின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்ற இடத்தில் எழுதினாள். காரணம் என்ற இடம் வந்தது. மேசையின் மறுபக்கத்தில் இரவீந்திரன் சோற்றைப் பிசைந்தபடி அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினாள். "ஐப்பசியில் கருவிகளுக்கு நன்றி சொல்லும் பூசை செய்தேன். காற்றுவாயின் அடைப்பை எடுத்து, திரும்ப வைக்க மறந்தேன். கடலையைத் தட்டில் விட்டேன். எலி கூடுகட்டியது. தையில் காற்றுப்பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. தவறு என்னுடையது." பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். பேப்பர்ப் பையை மேசையில் கவிழ்த்தாள். அதற்குப் பக்கத்தில் கொட்டில் சாவியையும் வைத்தாள்.

ஓட்வார் கண்ணாடியை மாட்டி வாசித்தார். பக்கத்தில் இருந்த நோர்வேஜியப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "கடலையா?" என்றாள். வசந்தமலர் நிமிர்ந்து, "ஓம், கடலை. நல்ல கடலை," என்றாள், முதல் சொல் தமிழிலேயே வந்துவிட்டது. முகம் எரிந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"ஏற்றத்தில் நின்றபோது வண்டி எவ்வளவு பின்வாங்கியது?" என்று கேட்டார் ஓட்வார்.

அவள் விரலைக் காட்டினாள்.

"ம்," என்றார். கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவியையும் மஞ்சள் துணித்துண்டையும் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கறி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தின் மிச்ச நாட்களில் அவள் பாதை போடப் போகும்போதெல்லாம் ஓட்வார் கைத்தடியோடு வந்து கொட்டிலைத் திறந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நிர்வாகம் கூடியது என்று கேள்விப்பட்டாள். என்ன முடிவானது என்பது அவள் காதுக்கு வரவில்லை. வெறும் கையோடு வாசலில் நின்று கதவு திறக்கக் காத்திருந்த அந்த மாலைகள் அவளுக்கு மிகவும் வலித்தன. தமிழ்க்கடையில் ஒருநாள் இரவீந்திரன் யாரோ இருவருக்கு, பாரத்தை முன்பாதியில் ஏன் வைக்க வேண்டும் என்று கைகளை விரித்து விளக்கிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும், "அக்காட்டக் கேளுங்கோ, அவதான் எனக்குப் பழக்கினவ," என்றார். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுபடியும் சித்திரை. பனி கரைந்து குடியிருப்பின் ஓடைகள் சத்தமிடத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை ஓட்வாரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: நாளை பத்துமணி, உறங்கவைக்க வேண்டும். ஸ்கூட்டரை 'உறங்கவைப்பது' என்று எப்போதும் சொல்பவள் அவள்தான், அந்தச் சொல்லை அவர் எடுத்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

போனபோது கொட்டில் திறந்திருந்தது. ஓட்வார் வெளியே வெயிலில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும்படி தலையால் சைகை காட்டினார். அவள் வேலையைத் தொடங்கினாள். பெற்றோல், மருந்து, பெல்ற், மரக்குற்றி. அதுவரை முடித்தவற்றுக்குச் சரி போடச் சுவருக்குத் திரும்பியபோதுதான் பழைய தாள் அங்கே இல்லை என்று கண்டாள். அதே நடுங்காத கையெழுத்து, ஆனால் புதுத் தாள். பழைய பதினான்கு வரிகளும் அப்படியே இருந்தன. அடியில் ஒன்று கூடியிருந்தது.

"15. இலையுதிர்காலம்: வசந்தமலரின் பூசை. நாள்: ________. தட்டை அன்றே எடுக்கவும். காற்றுவாய் அடைப்பைத் திரும்ப வைக்கவும்."

அவள் இரண்டாம் முறையும் வாசித்தாள். கண் கலங்கியது, துடைக்கக் கையெல்லாம் கிறீஸ்.

"அது எந்த நாள் என்று நீதான் எழுத வேண்டும்," என்றார் ஓட்வார் வெளியிலிருந்தபடியே. "இணையத்தில் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் மாறுகிறதாமே."

"ஓம், மாறும்," என்றாள் அவள். "கலண்டர் பார்க்க வேண்டும்."

தாளுக்குக் கீழே புதிதாக ஒரு ஆணி. அதில் கொட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது, எலி கடித்த மஞ்சள் துணித்துண்டில் முடிச்சுப் போட்டு. திறந்த கதவால் வந்த காற்றில் அது மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.